காளைப் படத்துக்குக் கலை என்ற குரல்: கோப்புகளைக் காப்பி செய்ததில் பெரிய எழுத்து தொலைந்த ஒரு நிகழ்வு

பின்னணி

வெளிநாட்டில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்காக ஓர் இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தோம். படத்தைத் தொட்டால் அதன் பெயர் காதில் விழும். வார இறுதியில் மட்டும் கூடி வேலை செய்த நான்கு பேர் நாங்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் குரல் கொடுத்தார். ஒரு நண்பர் பதிவு செய்து சொல் சொல்லாக வெட்டினார். அவருடையது லினக்ஸ் மடிக்கணினி. குழுவில் இளையவரான இன்னொரு தம்பி விண்டோஸ் கணினியிலிருந்து சர்வரில் ஏற்றுவார், பக்கத்தை எழுதியதும் அவர்தான். சொற்பட்டியலும் கோப்புகளைக் காப்பி செய்யும் ஸ்கிரிப்டும் என் பொறுப்பு.

மொத்தம் 612 சொற்கள். சொல்லுக்கு ஓர் எம்பி3 கோப்பு. இவற்றுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் அதற்கு முன் ஒருமுறை தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகளை ஜிப்பில் கட்டி அனுப்பி, பிரித்த இடத்தில் பெயர்களெல்லாம் கொக்கியும் கோடுமாக வந்திருந்தன. அந்தப் பயத்தில் ரோமன் எழுத்துக்குப் போனோம். யூனிகோடு பரவுவதற்கு முன்பு மின்னஞ்சலில் தமிழ் எழுதிப் பழகியவர்களுக்கு அந்த முறை கைவந்த ஒன்று. லகரத்துக்குச் சின்ன எல், ளகரத்துக்குப் பெரிய எல். னகரத்துக்குச் சின்ன என், ணகரத்துக்குப் பெரிய என். குறில் அகரத்துக்குச் சின்ன ஏ, நெடிலுக்குப் பெரிய ஏ. தமிழ் எழுத்தில் பெரியது சின்னது என்ற பேதமே கிடையாது. ஆங்கிலத்தின் 26 எழுத்தை வைத்துக்கொண்டு தமிழ் ஒலிகளைப் பிரித்துக் காட்டுவதற்காக, நம்மிடம் இல்லாத அந்தப் பேதத்தைக் கடன் வாங்கியிருந்தோம்.

இதனால் கலை, களை, காலை, காளை ஆகிய நான்குக்கும் கோப்புப் பெயர் அதே ஐந்து எழுத்துதான்: கே, ஏ, எல், ஏ, ஐ. இரண்டாவது எழுத்தும் மூன்றாவது எழுத்தும் பெரியதா சின்னதா என்பது மட்டுமே நான்கையும் பிரிக்கிறது. பல்லும் பாலும் அப்படித்தான், மனமும் மணமும் அப்படித்தான். ஆங்கில எழுத்துக்கு ஓர் எண் என்று கணினி வைத்திருக்கும் ஆஸ்கி குறியீட்டில் சின்ன எல்லுக்கு எண் 108, பெரிய எல்லுக்கு 76. இடையில் 32, அதாவது ஒரே ஒரு பிட். களையும் கலையும் வேறுவேறாக இருப்பது அந்த ஒரு பிட்டை நம்பித்தான்.

ஒத்திகை

முதலில் 40 சொற்களை மட்டும் எடுத்து ஒத்திகை பார்த்தோம். லினக்ஸ் மடிக்கணினியிலிருந்து நேராக லினக்ஸ் சர்வருக்கு ஏற்றினோம். எல்லாம் சரியாக ஒலித்தது. விலங்கு, நிறம், எண் என்று பொறுக்கியெடுத்த அந்த 40 சொற்களில் எழுத்தளவில் மட்டும் வேறுபடும் சோடி ஒன்றுகூட இல்லை என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. முறை சரி என்று முடிவு கட்டிவிட்டோம்.

பிறகு முழுத் தொகுதி. பதிவு செய்யும் நண்பர் ஓர் ஊர், ஏற்றும் தம்பி வேறு ஊர். இணைய வேகம் போதாததால் பென்டிரைவில் கொடுத்தனுப்புவது என்று ஆயிற்று. விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் படிக்கட்டும் என்று பென்டிரைவை நண்பர் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்திருந்தார். என் பைதான் ஸ்கிரிப்ட் ஃபோல்டரில் உள்ள பெயர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகப் பென்டிரைவுக்குக் காப்பி செய்யும். ஒவ்வொன்றுக்கும் 'ஆயிற்று' என்று ஒரு வரி அச்சிடும். கடைசியில் 612 பெயர்களையும் எடுத்து, அந்தப் பெயரில் பென்டிரைவில் கோப்பு இருக்கிறதா என்று கேட்டுச் சரிபார்க்கும். 612 முறை 'ஆயிற்று' வந்தது. 612 முறை 'இருக்கிறது' என்ற பதிலும் வந்தது.

அந்தப் பதிலை நம்பி, மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று நண்பர் வெட்டிய கோப்புகளை அழித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. சரிபார்த்தாகிவிட்டது என்று அவருக்குச் சொன்னவன் நான்.

முதலில் கண்டது: ஒலிக்காத சொற்கள்

ஏற்றிய அன்று இரவே தம்பி சொன்னார்: "அண்ணா, சில படத்தைத் தொட்டால் சத்தமே வரவில்லை. 404 என்கிறது." கேட்ட பெயரில் கோப்பு இல்லை என்று சர்வர் சொல்லும் பிழை எண் அது. அவர் பார்த்தவரை சிக்கல் இதுதான்: பக்கம் கேட்பது எல்லாம் சின்ன எழுத்தில் உள்ள பெயர், சர்வரில் இருப்பதோ நடுவில் பெரிய எழுத்து உள்ள பெயர். விண்டோஸில் எழுதி லினக்ஸ் சர்வரில் ஏற்றுகிறவர்கள் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. தம் கணினியில் படம் தெரியும், ஏற்றியதும் காணாமல் போகும். காரணம் பெரும்பாலும் ஓர் எழுத்தாகத்தான் இருக்கும்.

அதற்கு எல்லாரும் செய்கிற வைத்தியத்தையே அவரும் செய்தார். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக்கினார், பக்கமும் சின்ன எழுத்திலேயே கேட்கும்படி மாற்றினார். 404 மொத்தமாக நின்றது. எங்களிடம் கேட்டார், நானும் சரி என்றேன். பெரிய எழுத்துக்கு எங்கள் பெயர்களில் பொருள் உண்டு என்று தெரிந்தவன் நான். தெரிந்தும் அந்த நேரத்தில் அது மனதில் ஓடவில்லை. பிழைச் செய்தி போய்விட்டது என்ற நிம்மதிதான் முன்னால் நின்றது.

இரண்டாவதாகக் கண்டது: தவறாக ஒலித்த சொற்கள்

ஒன்பது நாள் கழித்து ஒரு தாயிடமிருந்து கடிதம் வந்தது. பால் டம்ளர் படத்தைத் தொட்டால் பல் என்று கேட்கிறது, இரண்டு நாளாக மகள் பாலைப் பல் என்றே சொல்கிறாள், திருத்தினால் டீச்சர் அப்படித்தான் சொன்னார் என்கிறாள் என்று எழுதியிருந்தார்.

ஒலிக்காத சொல்லால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. தவறாக ஒலிக்கும் சொல் அப்படியே நாவில் ஏறிவிடுகிறது. அன்று மாலை நாங்கள் நால்வரும் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தோம். காளைப் படம், கலை என்ற குரல். காலைச் சூரியன், அதே கலை. களை பிடுங்கும் படத்துக்கும் கலை. ஆசிரியை தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "நான் ளகரத்தை அழுத்தித்தானே சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை சொல்லி, நல்லதைத் தாமே தேர்ந்து கொடுத்தவர் அவர்.

ஆராய்ந்தது

தம்பி எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கியதுதான் காரணம் என்று முதலில் நினைத்தோம். பென்டிரைவ் நல்லவேளையாக அழிக்கப்படாமல் இருந்தது. அதை வாங்கி எண்ணிப் பார்த்தேன். 612 இருக்க வேண்டிய இடத்தில் 553. அவர் கைக்கு வருவதற்கு முன்பே 59 கோப்புகள் போய்விட்டிருந்தன.

பென்டிரைவில் காளை என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தது, இரண்டாவது எழுத்தும் மூன்றாவது எழுத்தும் பெரியவை. அதைத் திறந்து கேட்டேன். குரல் கலை என்றது. பெயர் ஒன்றினுடையது, உள்ளே இருப்பது இன்னொன்று. என்ன நடந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

அதை மறுபடி நடத்திப் பார்த்தேன். அதே லினக்ஸ் மடிக்கணினி, அதே ஸ்கிரிப்ட், நான்கே கோப்புகள். மடிக்கணினியின் சொந்த வட்டுக்குள் காப்பி செய்தபோது நான்கும் நான்காகவே வந்தன. பென்டிரைவுக்குச் செய்தபோது நான்கு முறை 'ஆயிற்று' வந்தது, உள்ளே பார்த்தால் ஒரே கோப்பு. ஆஸ்கி வரிசையில் பெரிய எழுத்து முன்னால் வரும். அதனால் முதலில் போனது காளை, அந்தப் பெயரில் கோப்பு உருவானது. அடுத்து காலை போனது. எக்ஸ்ஃபேட்டைப் பொறுத்தவரை அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறது. இருந்ததைத் திறந்து, காலி செய்து, புதியதை உள்ளே ஊற்றியது. பெயரைத் தொடவில்லை. களையும் கலையும் அதே வழியில் போயின. முதலில் வந்ததன் பெயரும் கடைசியில் வந்ததன் குரலும் மிஞ்சின.

சரிபார்ப்பு ஏன் ஏமாந்தது என்பதற்கும் இதுவே விடை. 'இந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா' என்று கேட்டால், அந்தக் கேள்விக்கும் பதில் சொல்வது அதே வட்டுதான். கலை இருக்கிறதா என்றால் காளையைக் காட்டி இருக்கிறது என்கிறது. ஃபோல்டரில் உள்ள பெயர்களின் பட்டியலை வாங்கி, எழுத்துக்கு எழுத்து நாமே ஒப்பிட்டிருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.

விண்டோஸ் எழுத்தைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும் என்றுதான் நானும் பல வருடம் சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. பார்ப்பதும் பார்க்காததும் பெரும்பாலும் வட்டின் கோப்பு முறையை, அதாவது கோப்புகளை வட்டில் சேமித்துப் பெயரால் தேடும் ஏற்பாட்டை, பொறுத்தது. லினக்ஸில் வழக்கமாகப் போடும் இஎக்ஸ்டி4 பிரித்துப் பார்க்கும். அதே லினக்ஸில் எக்ஸ்ஃபேட் பென்டிரைவைச் செருகினால் அதற்குள் மட்டும் பேதம் இல்லை. மறுபக்கம், விண்டோஸ் 10-ல் 2018 முதல் ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரை மட்டும் எழுத்து பிரித்துப் பார்க்கும்படி அமைக்க முடியும். மேக் கணினியின் வட்டு வழக்கமான அமைப்பில் பிரிக்காது, ஆனால் விரும்பினால் பிரிக்கும்படியும் ஃபார்மட் செய்யலாம்.

இன்னொன்றையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களை ஏமாற்றியது அதுதான். பழைய டாஸ் காலத்தில் எட்டு எழுத்துப் பெயரும் மூன்று எழுத்துப் பின்னொட்டும் பெரிய எழுத்திலேயே சேமிக்கப்பட்டன. நாம் சின்ன எழுத்தில் கொடுத்தால் அது தொலைந்துவிடும், தொலைந்தது கண்ணுக்கும் தெரியும். 1993-ல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையும், விண்டோஸ் 95-ல் வந்த நீண்ட பெயர்களும் அப்படி இல்லை. நாம் கொடுத்த எழுத்தை அப்படியே காத்து வைக்கும், ஆனால் தேடும்போது பேதம் பார்க்காது. எக்ஸ்ஃபேட்டும் அந்த வகைதான். பெரிய ஏ, பெரிய எல் இரண்டையும் அழகாகக் காட்டிக்கொண்டிருந்ததால், அது அவற்றைப் பிரித்தும் பார்க்கிறது என்று நம்பிவிட்டோம். எழுத்தைக் காப்பது வேறு, எழுத்தால் பிரிப்பது வேறு.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மோதிய குழுக்கள் 51. அவற்றில் 44 இரட்டை, ஆறு மும்மை, ஒன்று நான்கு. ஆக 110 சொற்கள். தம்பி திருத்துவதற்கு முன் அவற்றில் 59 ஒலிக்கவில்லை, 51 தவறாக ஒலித்தன. திருத்திய பிறகு, ஒலிக்காமல் இருந்த 59-ல் 51 சரியாயின, மீதி எட்டும் தவறாகப் பேசத் தொடங்கின. முன்பே தவறாக ஒலித்த 51-ம் அப்படியே தவறாக நின்றன, ஆக 59 தவறு. 404 என்ற எண் எங்களிடம் ஏதோ தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை வாயடைத்தோம்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, 110 சொற்களின் ஒலியையும் அன்றே நிறுத்துவது. 51 சரியாகத்தானே இருக்கின்றன, அவற்றை விட்டுவைக்கலாமே என்று தம்பி கேட்டார். எது சரி என்று ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு உறுதி செய்யும்வரை எதையும் விடக்கூடாது என்று ஆசிரியை உறுதியாக இருந்தார். அவர் சொன்னதுதான் நியாயம் என்று பட்டது.

இரண்டாவது, பெயர் முறை. இதில்தான் வாக்குவாதம் நீண்டது. எனக்கு அந்த ரோமன் முறை மேல் பற்று. அதில்தான் பல வருடம் தமிழ் எழுதினேன். பெரிய எழுத்தை விட்டுவிட்டு இரட்டை எழுத்தால் நெடிலைக் காட்டலாம் என்றேன். நெடிலுக்குச் சரிவரும், ளகரத்தை இரட்டித்தால் அது மெய் இரட்டித்ததாகிவிடும், பள்ளி என்ற சொல்லுக்கு எங்கே போவது? தமிழ்ப் பெயரே வைக்கலாம், தமிழில் இந்தப் பேதமே இல்லையே என்றார் நண்பர். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கொடி என்ற சொல்லில் உள்ள கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு பெயர். மேக்கின் பழைய கோப்பு முறை பெயரை இரண்டாகப் பிரித்தே சேமித்தது.

முடிவில் எண்ணுக்கு வந்தோம். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு இலக்க எண், அதுதான் பெயர். வெட்டும்போது எது எந்தச் சொல் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நண்பர் கேட்டதால், எண்ணுக்குப் பின் ஒரு கோடு போட்டுச் சின்ன எழுத்தில் ரோமன் பெயர். அது தவறாக இருந்தாலும் பாதகமில்லை, பக்கம் எண்ணை மட்டுமே பார்க்கும். சரியான தமிழ்ச் சொல் பட்டியலில் இருக்கும்.

மூன்றாவது, காப்பி செய்யும் ஸ்கிரிப்ட். எண்ணுக்கு மாறிவிட்டால் எழுத்துச் சிக்கல் தீர்ந்தது என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நாளை வேறு யாராவது வேறு பெயரோடு கோப்பு தருவார்கள். புதிய ஸ்கிரிப்ட் எந்தப் பெயரையும் மாற்றாது. பட்டியலில் தட்டச்சு செய்த பெயரைக் கொண்டு இலக்குப் பெயரை உருவாக்காமல், மூல ஃபோல்டரைப் படித்து அங்கே இருக்கும் பெயரையே எழுத்து மாறாமல் எடுத்துக்கொள்ளும். தொடங்கும் முன் எல்லாப் பெயரையும் மனக்கணக்காகச் சின்ன எழுத்தாக்கி, ஒன்றுக்கு மேல் வருகிறதா என்று பார்க்கும். வந்தால் ஒரு கோப்பைக்கூடத் தொடாமல் நின்று, மோதும் பெயர்களைச் சொல்லும். பழைய 612 பெயர்களை அதற்குக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு நொடியில் 51 குழுக்களையும் வரிசையாகக் காட்டியது.

எழுதும் முறையையும் மாற்றினேன். பைதானில் கோப்பை 'டபிள்யூ' முறையில் திறந்தால், இருப்பதை அழித்துவிட்டு எழுதும். 'எக்ஸ்' முறையில் திறந்தால், அந்தப் பெயர் இல்லாதபோது மட்டுமே உருவாக்கும், இருந்தால் பிழை தந்து நிற்கும். இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பது அந்த வட்டே என்பதால், எழுத்தைப் பிரிக்காத வட்டில் காலை என்று எழுதப் போகும்போது காளை வழியை மறிக்கும். ஆயத்தக் காப்பிக் கட்டளையை விட்டுவிட்டு, இந்த முறையில் திறந்து உள்ளடக்கத்தை ஊற்றி, நேரக் குறிப்பைத் தனியாகச் சேர்த்தோம். முடிந்ததும் இலக்கு ஃபோல்டரின் பெயர்ப் பட்டியல் மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, ஒவ்வொன்றின் ஷா-256 மதிப்பும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணும், ஒன்றா என்று ஒப்பிடும்.

இடையில் படங்களில் வந்த தொல்லை

படங்கள் வேறொருவர் கேமராவிலிருந்து வந்தவை, சிலவற்றின் பின்னொட்டு பெரிய எழுத்து ஜேபிஜி. மூலத்தில் அதைச் சின்ன எழுத்தாகத் திருத்தி, தம்பியின் விண்டோஸ் ஃபோல்டருக்கு மறுபடி காப்பி செய்தோம். பிழை எதுவும் வரவில்லை, ஃபோல்டரிலோ பெயர் மாறவே இல்லை. காரணம் அதேதான்: பழைய பெயருக்குள் புதிய உள்ளடக்கம் ஊற்றப்பட்டது. மூலத்தின் எழுத்து இலக்கில் வர வேண்டுமானால் பழையதை முதலில் வேறு பெயருக்கு மாற்றியோ நீக்கியோ வழிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் புத்தம் புதிய காலி ஃபோல்டருக்குள் காப்பி செய்வது என்று வைத்துக்கொண்டோம். அதன் பிறகு அந்தத் தொல்லை வரவில்லை.

பின்விளைவு

மிஞ்சிய 51 கோப்புகளையும் இருவர் தனித்தனியே கேட்டு, எந்தச் சொல் என்று எழுதி, இரண்டு தாளும் ஒத்துப்போன பிறகே பெயர் மாற்றினோம். தொலைந்த 59-ல் 46 சொற்கள் வெட்டாத நீண்ட பதிவுகளில் இருந்தன. நண்பர் இரண்டு வார இறுதிகளில் அவற்றை மறுபடி வெட்டினார். மீதி 13, கடைசி அமர்வின் மூலப் பதிவும் போய்விட்டதால், எங்கும் இல்லை. ஆசிரியையிடம் திரும்பக் கேட்கத் தயக்கமாக இருந்தது. "அதுக்கென்ன, வாங்க தம்பி, காளையைச் சரியாச் சொல்லிடுவோம்" என்றார்.

அந்தத் தாய்க்கு நடந்ததை முழுவதும் எழுதினோம். திருத்திய பக்கத்தை அவர் மகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். பால் சரியாகிவிட்டது, ஆனால் காளையைப் பார்த்துச் சில நாள் குழம்பினாள் என்று பதில் வந்தது.

இனி மாற்றிச் செய்பவை

பெயர் முறையை முடிவு செய்யும் அன்றே, பத்து வரிகூட இல்லாத அந்த மோதல் சோதனையை ஓட்டுவேன். ஒத்திகைக்கு எளிய சொற்களை எடுக்காமல், கலை களை காலை காளை மாதிரி மோதக்கூடியவற்றையே முதலில் எடுப்பேன், கோப்புகள் கடந்து போகும் எல்லா வட்டிலும் அவற்றை ஒரு சுற்று விடுவேன். எங்கள் ஒத்திகை பென்டிரைவ் வழியாகப் போகவே இல்லை. 404 வந்தால் பெயரை வளைப்பதற்கு முன், அந்தக் கோப்பு உண்மையில் எங்காவது இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பேன். மூலத்தை அழிப்பது ஷா மதிப்பு சர்வரில் ஒத்துப்போன பிறகுதான். இதை நண்பரிடம் சொன்னபோது, அவர் அதற்குள் இன்னொரு வட்டு வாங்கி வைத்திருந்தார்.

மறுபதிவு செய்த நாளில் நல்ல மழை. அந்த 13 சொற்களுக்கும் பின்னால் ஓட்டில் விழும் மழைச் சத்தம் மெல்லக் கேட்கிறது. நண்பர் அதை வடிகட்டப் பார்த்தார், வடிகட்டினால் ளகரத்தின் கூர்மையும் சேர்ந்து குறைகிறது என்றார். மழையோடே விட்டுவிட்டோம்.